குசினியில் படித்த இங்கிலிஷ்

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு விளம்பரத்தைப் போட்டிருந்தாள். ஒரே மாதத்தில் ஆங்கிலம் பேசலாம், வீட்டில் இருந்தபடியே படிக்கலாம், வயது தடையில்லை என்று. நீங்களெல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்கும் படங்களை அனுப்பிக் குவித்தீர்கள். முழங்கால் தேய்ந்த பிறகு நமக்கு எதற்கடி இங்கிலிஷ் என்று ஒருத்தி கேட்டாள். கனடாவில் இருக்கும் பேரனோடு கதைக்க என்றாள் இன்னொருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பகல் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களுக்கு இரண்டு வரி பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இவ்வளவு நீளத்துக்கு இழுத்துவிட்டது. வாசிக்காமல் விட்டாலும் கோபிக்கமாட்டேன்.

என் அம்மா இங்கிலிஷ் படித்தவர். உங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. நாமெல்லாம் ஆறாம் வகுப்பில் இருந்த அந்த மாரியில், எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து படித்தார்.

அந்த மாரி உங்களுக்கும் நினைவிருக்கும். மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை, பாதை என்று நாம் சொன்ன மிதவைதான். வாவி நிரம்பி, கரையோரத்துக் கண்ணா மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். எங்கள் வீட்டில் ஈரவிறகின் புகையும் நனைந்த கிடுகின் மணமும் உடுப்பில் ஏறி, துவைத்தாலும் போகாமல் கிடந்தன. அப்பாவின் வயல் கரடியனாற்றுப் பக்கத்து வட்டையில் இருந்தது. சண்டையால் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று ஆகிவிட்டதால் இரண்டு போகமாக விதைப்பு இல்லை. அப்பா காலையில் எழுந்து மண்வெட்டியைத் துடைத்து வைப்பார். துடைத்து வைப்பதோடு அன்றைய வேலை முடிந்துவிடும்.

எங்கள் வீடு களிமண் சுவர் வீடு. அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. நம் பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கொரு வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பான், பெற்றவர்கள் பின்வளவில் ஒரு குடிசையைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். நான் ஒரே பிள்ளை. இந்த மண்வீட்டைக் காட்டி எவனும் வரமாட்டான், கல்வீடு வேண்டும் என்று எனக்குப் பதினொரு வயதிலேயே பேச்சு எழுந்துவிட்டது. அதற்காகத்தான் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவானது. என் பெயரில் முடிவான முதல் காரியம் அதுதான்.

முடிவு செய்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். பட்டணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படித்தவர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை இருக்கும். தாய்மாமன் சொல்லுக்கு மேலே சொல் இல்லாத வீடு எங்களுடையது. அந்த மாரியில் எங்களைப் பார்க்க வந்தால், பாதை பூட்டுப்பட்டுத் திரும்பிப்போக வழியில்லாமல் நாட்கணக்கில் தங்குவார். ஏஜென்சிக்காரன் அவரிடம், அம்மா வேலைக்குப் போகவிருந்த வீட்டு எசமானியைப் பற்றி, "மடம் படிச்சவ, இங்கிலிஸ் கதைப்பா" என்று சொல்லியிருந்தான். அது போதுமாக இருந்தது. தங்கைக்கு இங்கிலிஷ் சொல்லிக்கொடுக்கக் குசினிக்குள் வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. அதனால் மாமா எழுத்தை விட்டுவிட்டு, குசினிச் சாமான்களை எடுத்து வரிசையாக வைத்தார். முதலில் பித்தளைச் செம்பு. "இது ஐ. ஐ எண்டா நான். மடம்." அதன் பக்கத்தில் ஒரு மூடி, அது வோண்ட். அடுத்து ஒரு சிரட்டை. "இது யூ. நீ." பிறகு அகப்பை. "இது டு. இதுதான் முக்கியம். ஆளை வேலைக்குக் கொண்டுபோய் விடுற தோணி இது." அதற்குப் பக்கத்தில் சோற்றுப் பானை, குக் ரைஸ். கடைசியில் தீப்பெட்டி, அதற்கு அப்பால் உப்புப் போத்தல். "தீப்பெட்டி ஃபோர். போத்தல் ஹிம். எங்க, சேர்த்துச் சொல்லு பாப்பம். ஐ வோண்ட் யூ டு குக் ரைஸ் ஃபோர் ஹிம்."

அம்மா செம்பிலிருந்து போத்தல்வரை விரலை வைத்து வைத்துச் சொன்னார். சொல்லி முடித்ததும், "இதுக்கு என்ன கருத்து?" என்று கேட்டார்.

"நீ அவருக்குச் சோறாக்கணும் எண்டு நான் விரும்புறன்."

"அவருக்குச் சோறாக்கு எண்டு சொல்லிட்டுப் போகலாமே அண்ண. உத்தரவு போடுறவ என்னத்துக்கு விரும்புறன் எண்டெல்லாம் சொல்லணும்?"

"அதுதான் இங்கிலிஸ்ட மரியாதை. ஆர் சொல்லுற, ஆர் செய்யிற, ஆருக்குச் செய்யிற எண்டு ஒவ்வொரு ஆளையும் பேர் சொல்லிக் கூப்பிடணும். நம்மட ஆக்கள் மாதிரி பாதியை விழுங்கிட்டுப் போகேலாது."

அப்பா தண்ணீர் விடாய்த்து உள்ளே வந்து, செம்பை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு வெளியே வைத்தார். "மச்சான், வசனத்திர தலையைக் கொண்டுபோயிட்டீங்களே!" என்று மாமா கத்தினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த மாரியில் அம்மா சிரித்தது எனக்கு நினைவிருக்கும் இடங்களில் அது ஒன்று.

பிறகு அவர்கள் வேறு சாமான்களுக்குப் போனார்கள். ஹீ என்பவன் சில இடத்தில் ஹிம் ஆகிவிடுகிறான், ஷீ என்பவள் ஹெர் ஆகிவிடுகிறாள் என்றதும் அம்மா மலைத்துப்போனார்.

"ஆள் ஒண்டுதானே. என்னத்துக்குப் பேரை மாத்துறாங்க?"

"வசனத்தில முன்னால நிண்டா ஹீ. வேலைக்குப் பின்னால நிண்டா ஹிம்."

"அப்ப நான் எங்க நிக்கிற?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "நீ எங்க நிண்டாலும் யூ தான், போ."

அவர் இல்லாத நாட்களில் நான்தான் மடம். பள்ளிக்கூடத்தால் வந்து, சோற்றைத் தின்றுகொண்டே அம்மாவை ஏவுவேன். டெல் ஹெர் டு வெயிட் ஃபோர் மீ. கோ டு த வெல் டு பிரிங் வோட்டர். கிணற்றுக்குப் போவதற்கும் தண்ணீர் கொண்டுவருவதற்கும் இரண்டுக்கும் எப்படி ஒரே ‘டு’ என்று அம்மா கேட்டார். இரண்டும் போகிறதுதானே, ஒன்று இடத்துக்கு, மற்றது வேலைக்கு என்று மாமா பிறகு சொன்னார். அம்மா கெட்டிக்காரி. பானைக்குள் ‘இன்’, அடுப்பின்மேல் ‘ஓன்’, உறிக்குக் கீழே ‘அண்டர்’ என்று நடந்து நடந்து சொல்லி, சீக்கிரமே எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் ஒன்று தெரிகிறது. மாமா கட்டிய அத்தனை வசனத்திலும் செம்பு மடத்துக்குத்தான். அம்மா ஒரு தடவைகூட வசனத்தின் தலையில் வைக்கப்படவில்லை. யாரோ விரும்புவார்கள், யாருக்கோ போய்ச்சேரும், நடுவில் அம்மா சிரட்டையாக இருப்பார்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள் சீலைக்கார ராத்தா வந்தார். காத்தான்குடியிலிருந்து துறையைக் கடந்து, தலையில் சீலைப் பொட்டணியோடு வீடு வீடாக வருவாரே, உங்கள் வீடுகளுக்கும் வந்திருப்பார். தீபாவளிச் சட்டைத்துணி நம்மில் பாதிப் பேருக்கு அவர் கொண்டுவந்ததுதான். அந்த நாட்களில் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கத்திலும் மனம் கெட்டுப்போய், மற்ற வியாபாரிகள் இக்கரைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். ராத்தா மட்டும் நிறுத்தவில்லை. அதற்கு முன் அவர் பல வருடம் குவைத்தில் வேலை செய்தவர்.

பொட்டணியை அவிழ்க்காமலே அம்மாவின் பாடத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இது என்ன புள்ள கூத்து?" என்றார்.

"குவைத்துக்குப் போறன் ராத்தா. மடம் இங்கிலிஸ் கதைப்பாவாம்."

"கதைக்கிற மடமும் இரிப்பா, இல்லண்டு சொல்லல்ல. ஆனா அவட உம்மா கதைப்பாவா? அவட மாமி கதைப்பாவா? குசினிக்க நிக்கிற உனக்கு உத்தரவு போடுற அவங்கதான் புள்ள."

அம்மாவின் கை அகப்பையில் நின்றது. ராத்தா நெருங்கி உட்கார்ந்து அரபியில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். தண்ணீர் மோய். வீடு பைத். எனக்கு வேணும் என்றால் அபி. "இதுக்க ‘நான்’ எங்க?" என்று அம்மா செம்பைத் தேடினார். "செம்பும் வேணாம் சிரட்டையும் வேணாம்" என்றார் ராத்தா. "போறன் எண்டு நீ சொன்னா ஆர் போற? நீதானே? அது மாதிரித்தான். ஆளை அந்தச் சொல்லே வச்சிரிக்கி." அம்மா ஒரு மணித்தியாலத்துக்குள் கைநிறையச் சொற்களைச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். ராத்தா எழும்பும்போது, "கிழமைக்கு ஒருக்கா வாறன். நீ போற வரைக்கும் சொல்லித்தாறன். எல்லுப்போல தெரிஞ்சாலும் போதும், அடி குறையும்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை நான் கேட்காத மாதிரி அம்மா என்னைத் தண்ணீர் எடுக்க அனுப்பினார்.

மாமா வந்ததும் அம்மா ஆசையாக அதைச் சொல்லிக் காட்டினார். சொல்லிக் காட்டியிருக்கக் கூடாது. மாமாவின் முகம் கறுத்தது.

"நம்மட குடும்பத்துப் பொம்புள காத்தான்குடியாளிட்டப் பாடம் படிக்கிறாவாம் எண்டு ஊர் கதைக்கட்டுமா? நாடு கிடக்கிற கிடையில?"

"அவ அங்க இருந்து வந்தவ அண்ண. அவவுக்குத் தெரியாததா?"

"என்ன தெரியும் அவவுக்கு? கேள். அரபி கதைச்சிக்கொண்டு போனா உன்னையும் மற்ற வேலைக்காரியளோட ஒண்டாத்தான் பாப்பாங்க. இங்கிலிஸ் கதைச்சியெண்டா, இவள் படிச்ச குடும்பம், கேட்கிறதுக்கு ஆக்கள் இரிக்கி எண்டு கையை வைக்கப் பயப்பிடுவாங்க. உனக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டுதானே நான் வேலையை விட்டுட்டு வந்து கிடக்கன்?"

கடைசி வசனத்தில் அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. இதைச் சொல்லாமல் மாமாவை உங்களுக்குக் காட்டினால் அது அநியாயம். அவருக்கு இருந்தது ஒரே தங்கை. கந்தோரில் இங்கிலிஷ் பேசுகிறவனை ஒருவரும் அதட்டுவதில்லை என்பதை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருந்தார். அந்தக் கவசத்தைத்தான் தங்கைக்கும் மாட்டி அனுப்ப நினைத்தார். அப்பா வாசலில் நின்றபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மண்வெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். மச்சான் வீட்டுப் பேச்சில் மாப்பிள்ளையாக வந்தவன் எங்கே வாய் வைப்பது?

அடுத்த கிழமை ராத்தா சொன்னபடி வந்தார். அம்மா படலையடியிலேயே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் விரும்பல்ல ராத்தா" என்றார். ராத்தா தலையில் இருந்த பொட்டணியைச் சரிசெய்துகொண்டார். "எனக்கென்ன புள்ள. நான் நாளைக்கும் எங்கட வீட்டதான் இரிப்பன். போற நீ. அல்லாட காவல்" என்று சொல்லிவிட்டுப் போனார். மழைத்தண்ணீர் தேங்கிய ஒழுங்கையில் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் போனதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. வரமுடியாத காலமும் தொடங்கிவிட்டது.

புறப்படுவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன் அம்மா மாமாவிடம் ஒன்று கேட்டார். பொங்கலுக்குக் குசினிச் சுவரை மெழுகிக்கொண்டிருந்தார், கை முழுக்கச் சாணி. திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அண்ண, எனக்கு ஏலாது, வீட்ட போகணும் எண்டு எப்பிடிச் சொல்லுற?"

மாமா பதறிப்போனார். "போகக்குள்ளயே திரும்பி வாற கதையா? வாயைக் கழுவு. அப்படிக் கதைச்சா அது நடந்துபோயிரும்." சொல்லிக்கொடுக்கவே இல்லை. அபசகுனமாம். நம்மட ஆட்கள் பயணம் புறப்படுகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடமாட்டார்களே, அந்தப் பயம்தான். அம்மாவும் மறுபடி கேட்கவில்லை, சுவரை மெழுகி முடித்துவிட்டுக் கை கழுவினார்.

அம்மா துறையில் மிதவைப் பாதையில் ஏறிய காலையில் மாமா கரையில் நின்று, கடைசியாக ஒரு வசனத்தைச் சொல்லச் சொன்னார். அம்மா சொன்னார், ஒரு பிழையும் இல்லை. மாமா பெருமையோடு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அம்மாவின் கண் என்னில் இருந்தது. பாதை நடுவாவிக்குப் போகும்வரை நான் அழவில்லை, பிறகு அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பல மாதம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு அங்கிருந்து திரும்பிய ஒரு பெண் கையில் ஒரு கசெட் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவை வாங்கி வைத்து, அப்பா, மாமா, நான் மூவரும் சுற்றி இருந்து கேட்டோம். முதலில் வெறும் இரைச்சல், எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம். அதன் பிறகு அம்மாவின் குரல், பக்கத்து அறையில் யாரோ இருப்பதைப்போல மெல்ல வந்தது.

"அண்ண, இஞ்ச ஒருத்தருக்கும் இங்கிலிஸ் தெரியா. மடத்துக்கு ஹலோவும் தேங்க்யூவும்தான் தெரியும். நீங்க சொல்லித்தந்ததை நான் சொன்னா சிரிக்கிறாங்க. மறுகா திருப்பிச் சொன்னா, எதிர்த்துக் கதைக்கிறன் எண்டு கிழவிக்குக் கோபம் வருது…"

அங்கே நாடா நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியிருந்தது. குரல் மாறியிருந்தது. "நான் சுகமா இரிக்கன். ஒண்டும் யோசிக்காதீங்க. புள்ளைக்குத் தலையில பேன் பாக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அப்பா ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எழும்பி வெளியே போனார். திரும்பி வந்து, "உச்சரிப்புப் பிழைச்சிரிக்கும்" என்றார். நான் அந்தக் கசெட்டை அம்மாவின் சீலைக்குள் சுற்றி வைத்துப் பல தடவை கேட்டேன். பிறகு நாடா பூஞ்சணம் பிடித்து அறுந்தது. பேன் பார்க்கச் சொன்ன அந்தக் குரலை மட்டும் எப்படியாவது காப்பாற்றியிருக்கலாம் என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

பின்னாளில், மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து படுத்திருந்தபோது, பார்க்கப்போன அப்பாவிடம் அவர் குழறிக் குழறி, "இங்கிலிஸ் உலகப் பாஷைதானே மச்சான்?" என்று கேட்டாராம். "ஓம் மச்சான், அந்தக் குசினிக்கு வெளியால" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா மாமாவை எதிர்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அது. சொன்னதற்காக வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்துக்கொண்டார்.

அம்மா திரும்பி வந்தபோது நான் கலியாண வயதுக்கு வந்திருந்தேன். இடையில் எங்கள் மண்வீடு இடிபட்டு, அவர் மெழுகிய குசினிச் சுவரும் போய், கல்வீடு எழும்பியிருந்தது. நீங்கள் என் கலியாணத்துக்கு வந்து, நிலம் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று புகழ்ந்த வீடு. அம்மாவின் இடது முன்னங்கையில் முழங்கைவரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. எண்ணெய் ஊற்றுப்பட்டது என்றார். யார் ஊற்றியது, தானாக ஊற்றுப்பட்டதா என்று நாங்கள் கேட்டதற்கு, "முடிஞ்சதை என்னத்துக்கு" என்று எழும்பிப் போய்விட்டார். எத்தனையோ தரம் கேட்டோம், பதில் ஒன்றுதான். என் கலியாணம் முடிந்த கையோடு வழக்கப்படி பின்வளவுக் குடிசைக்கு மாறிவிட்டார். தான் உழைத்துக் கட்டிய வீட்டில் அவர் படுத்து எழும்பியது ஒரு வருடம்கூட இருக்காது.

வழி திறந்து, ஆட்கள் துறையைக் கடந்து வந்துபோகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் பின்னேரம், சீலைக்கார ராத்தா அம்மாவைத் தேடி வந்தார். பொட்டணி இல்லை. முழங்கால் ஏலாமல் பேரனின் சைக்கிளில் வந்திறங்கினார். அம்மா வந்ததைக் கேள்விப்பட்டு வந்தாராம். அம்மா பின்வளவிலிருந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரையும் என் விறாந்தையில் பாயைப் போட்டு இருத்தினேன்.

கொஞ்ச நேரம் தமிழில் சுகம் விசாரித்தார்கள். பிறகு ராத்தா அம்மாவின் சுருங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அரபியில் ஏதோ கேட்டார். அம்மா அரபியில் பதில் சொன்னார். தடக்கம் இல்லாமல், வேகமாக. அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்களோடு இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவர், கையை ஆட்டி, யாரோ ஒரு கிழவியைப்போல முகத்தைக் கோணி நடித்துக் காட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, ராத்தா தலையாட்டியதும் மறுபடி தொடங்கி, பேசிக்கொண்டே போனார். என் புருஷன் கதவடியில் நின்றார். அப்பா முற்றத்தில் நின்றார். நான் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு நின்றேன். ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அம்மாவின் குரல் ஏறி ஏறி, கடைசியில் உடைந்து, அவர் ராத்தாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

ராத்தா போன பிறகு, "என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா, பழைய கதை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

ராத்தாவிடம் கேட்கலாம் என்று ஒரு தரம் காத்தான்குடிக்குப் போனேன். என்னை இருத்தி, சாப்பிட வைத்து, தலையைத் தடவினார். "அது அவ எனக்குச் சொன்னது, மகள்" என்றார். அம்மா போய்விட்டார், ராத்தாவும் போய்விட்டார். அந்த வீட்டில் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் அதை ஒளிக்கவில்லை. நான் கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்க, ஒன்றும் விடாமல் முழுக்கச் சொன்னார். அதில் எனக்கு விளங்கியது அவர் அழுதது மட்டும்தான்.